சாஞ்ச வண்டியும் சன்னத் தண்ணியும்

அமெரிக்காவுல ஆர்.வி.ன்னு ஒரு வண்டி உண்டு. படுக்கை, அடுப்பு, கக்கூஸ், குளியலறை எல்லாத்தையும் சுமந்துகிட்டுப் போற வீடு. அதுல போய்ட்டு வந்த நம்மாளுங்க எல்லாரும் ரெண்டு விஷயத்தைக் கேக்காம விடறதில்லை. நிறுத்தின உடனே ஏன் எல்லாரும் ரசமட்டமும் கையுமா வண்டியைச் சுத்தி வர்றாங்க? ஷவர்ல ஏன் தண்ணி நூல் மாதிரி வருது? முதல் கேள்விக்கு பதில் தேடப் போனா 1922க்கும் ஸ்வீடனுக்கும் போக வேண்டியிருக்கு!

அதுக்கும் முன்னாடி, 1910ல நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன் கண்காட்சியில பியர்ஸ் ஆரோ கம்பெனி ஒரு 'டூரிங் லாண்டோ' காரை வெச்சாங்க. பின் சீட்டை விரிச்சா படுக்கை. டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி மடக்கற வாஷ்பேசின். ராத்திரிக்கு ஒரு மூத்திரச் சட்டி. அவ்வளவுதான் வசதி. அந்த வண்டி எப்படி நின்னா யாருக்கென்ன?

ஸ்டாக்ஹோம்ல படிச்சுகிட்டிருந்த பால்ட்சார் ஃபான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ்னு ரெண்டு பசங்க 1922ல ஒரு ஃப்ரிட்ஜ் செஞ்சாங்க. மோட்டார் கிடையாது, பம்ப் கிடையாது, சத்தமே கிடையாது. கீழே சின்னத் தீ. அது தண்ணியில கரைஞ்ச அமோனியாவைக் கொதிக்க வைக்கும். ஆவி மேலே போய் குளிர்ந்து திரவமாகி, ஹைட்ரஜன் இருக்கற குழாய்க்குள்ள திரும்ப ஆவியாகும்போது சூட்டை உறிஞ்சிக்கும். அப்புறம் மறுபடி தண்ணியில கரைஞ்சு சரிவுல தானா இறங்கி வரும். 1925ல எலக்ட்ரோலக்ஸ் இதை வாங்கிடுச்சு. (ஐன்ஸ்டைனும் லியோ சிலார்டும் அதே காலத்துல ஃப்ரிட்ஜ் டிசைன் பண்ணி காப்புரிமை வாங்கினாங்க. அதுல சிலதை வாங்கினதும் இதே கம்பெனிதான். ஆனா ஐன்ஸ்டைன் ஃப்ரிட்ஜ் கடைக்கு வரவே இல்ல, பாவம் :-))

கரண்ட் இல்லாம கேஸ்லயே ஓடினதால, காட்டுக்குள்ள நிக்கற வண்டிக்கு இதைவிட தோதான சாமான் வேற இல்லை. ஒரே சிக்கல், "சரிவுல தானா இறங்கி வரும்"ங்கறது. வண்டி சாஞ்சு நின்னா திரவம் ஏதாவது ஒரு வளைவுல தேங்கிடும். கீழே தீ எரிஞ்சுகிட்டே இருக்கும். குழாய் துருப்பிடிக்காம இருக்க உள்ள கலந்திருக்கற சோடியம் குரோமேட் கெட்டியாகி அடைச்சுக்கும். அடைச்சா ரிப்பேர் கிடையாது, அந்தக் குளிரூட்டும் பகுதியையே மாத்தணும். பக்கவாட்டுல 3 டிகிரி, முன்பின்னா 6 டிகிரி, அதுக்கு மேல சாயக்கூடாதுங்கறது பொதுவான கணக்கு. ஓடற வண்டிக்கு இந்தத் தொல்லை இல்ல, குலுக்கலே திரவத்தைத் தள்ளிவிட்டுரும். நின்னாத்தான் ஆபத்து.

அதனாலதான் அந்தச் சடங்கு. பள்ளமா இருக்கற பக்கத்துச் சக்கரத்தைப் பலகை மேல ஏத்தணும். அப்புறம் சக்கரம் உருளாம கட்டை கொடுக்கணும். இழுவை வண்டின்னா அதுக்கப்புறம்தான் முன்பக்க ஜாக்கைத் திருகி முன்பின் மட்டம் பாக்கணும். மூலைக்கு மூலை இருக்கற கால்கள் ஆட்டத்தை நிறுத்த மட்டுமே. வண்டியைத் தூக்க அதைத் திருகினா வளைஞ்சுடும். இப்போ நிறைய புது வண்டிகள்ல 12 வோல்ட் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் வர்றதால அந்தக் கெடுபிடி குறைஞ்சிருக்கு. ஆனா ரசமட்டம் ஒழியல. ஷவர்த் தட்டு இருக்கே! வண்டி தப்பான பக்கம் சாஞ்சா சோப்புத் தண்ணி ஓட்டைப் பக்கம் போகாம மூலையில நிக்கும். யூட்டால நான் வாடகைக்கு எடுத்த வண்டியில கணுக்கால் அளவுத் தண்ணியில நின்னு குளிச்சிருக்கேன்.

சரி, தண்ணி ஏன் சன்னமா வருது? 1992ல அமெரிக்கா எரிசக்திச் சட்டம் ஒண்ணு போட்டுச்சு. ஷவர்த் தலையில நிமிஷத்துக்கு 2.5 கேலன், அதாவது சுமார் 9.5 லிட்டருக்கு மேல வரக்கூடாது. 1994லேர்ந்து அமல். மக்கள் எவ்ளோ கடுப்பானாங்கன்னா, 1996ல 'சைன்ஃபெல்ட்' தொடர்ல கள்ளச்சந்தையில ஷவர்த் தலை வாங்கற மாதிரி ஒரு எபிசோடே வந்துச்சு. பல தலை இருக்கற ஷவர்ல எல்லாத்துக்கும் சேர்த்து 2.5ஆ, தலைக்கு 2.5ஆன்னு சண்டை. 2020ல டிரம்ப் அரசு தளர்த்தி, 2021ல பைடன் அரசு திரும்ப இறுக்கி, 2025 ஏப்ரல்ல டிரம்ப் மறுபடி உத்தரவு போட்டார்.

இதுல ஆர்.வி.காரனுக்கு மட்டும் ஒரு கூடுதல் அடி. அந்த 2.5 கேலன் 80 பி.எஸ்.ஐ. அழுத்தத்துல அளந்தது. வண்டியில இருக்கற பம்ப் பெரும்பாலும் 45-55தான் கொடுக்கும். அழுத்தம் பாதியானா ஓட்டம் சுமார் 7 லிட்டருக்கு இறங்கிடும். பைப்புல நேரா மாட்டினாலும் குழாய் வெடிக்காம இருக்க ரெகுலேட்டர் போடணும். மலிவான சின்னப் பித்தளை ரெகுலேட்டர் அழுத்தத்தோட ஓட்டத்தையும் சேர்த்து நெறிச்சுரும். திருகி அளவு வைக்கற பெரிய ரெகுலேட்டருக்கு மாறினாலே பாதி வித்தியாசம் தெரியும். பம்புக்கு முன்னாடி இருக்கற வலையைக் கழுவணும், ஷவர்த் தலையை வினிகர்ல ராத்திரி முழுக்க ஊறவெச்சு சுண்ணாம்பை எடுக்கணும். அதுக்கும் மேல வேணும்னா காத்தைக் கலந்து அடிக்கற தலை மாட்டலாம். இத்தாலிக்காரர் வென்டூரி 1797ல எழுதின அதே தத்துவம்தான்: குறுகின இடத்துல தண்ணி வேகமா ஓடும்போது அழுத்தம் குறைஞ்சு வெளிக்காத்தை உள்ளே இழுக்கும். அதே தண்ணிதான், மேல விழறப்போ மட்டும் நிறைய வர்ற மாதிரி இருக்கும்.

தண்ணி கனமா வந்தா ஜாலின்னு நினைச்சுடாதீங்க. வெந்நீர்த் தொட்டி பல வண்டிகள்ல 6 கேலன்தான், சுமார் 23 லிட்டர். குளிச்ச தண்ணியும் ஆத்துல போறதில்ல, வண்டிக்கு அடியில இன்னொரு தொட்டியில சேருது. அது நிரம்பினா முதல்ல பொங்கி வர்றது அந்த ஷவர்த் தட்டு வழியாத்தான்.