விடைபெறும் வேளையில் ஒரு கல்வெட்டு

பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்றும் கூடும் திருமுக்கூடலில், வேங்கடேசப் பெருமாள் கோயிற்சுவரில், வீரராசேந்திர சோழனின் (1063–1070) நீண்ட கல்வெட்டொன்றைக் காண்கிறோம். அங்கிருந்த கல்லூரியில் 60 பேருக்கு உணவும், விளக்கெரிக்கவும் சனிக்கிழமை தலைமுழுகவும் எண்ணெயும் அளிக்கப்பட்டதை அது கூறுகிறது. நோயுற்றோர்க்கு 15 படுக்கைகள் கொண்ட ‘வீரசோழன்’ மருத்துவமனையும் இருந்தது.

வேதமும் இலக்கணமும் பயின்றோர்க்கு அவ்வாயில் திறந்தது. அந்நெல்லை விளைவித்த உழவரின் பிள்ளைகளுக்கு அங்கு இடமில்லை. இன்று பன்னிரண்டாம் வகுப்பை முடித்து விடைபெறும் நம் பிள்ளைகளுள் பலர் அவ்வுழவரின் வழித்தோன்றல்களே.

கற்று வெளியேறிய மாணவரின் பெயர்களை அக்கல் நமக்குச் சொல்லவில்லை. அவர்களைக் காத்த உணவையும் எண்ணெயையுமே சொல்கிறது. ஆகவே, பிரிவு நாளில் ஆசிரியரோடு, 1982 முதல் சத்துணவு ஆக்கிப் படைத்துவரும் கைகளையும், வகுப்பறையைப் பெருக்கிய கைகளையும் நன்றியோடு நினைப்போம். நம் விளக்குக்கு எண்ணெய் வார்த்தோரை மறவாதிருப்பதே நல்ல விடைபெறுதல்.