காற்றுக்குக் கட்டணம்! – 9
ஐம்பது ரூபாய்ப் புத்தகம்

சென்ற வாரம்: 1924-ல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி சென்னையில் தொடங்கிய ரேடியோ கிளப், மூன்றே ஆண்டில் பணமில்லாமல் மூச்சை நிறுத்தியது. 1927-ல் பம்பாயில் பிறந்த இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனி, ஆளுக்குப் பத்து ரூபாய் லைசென்ஸை நம்பிக் களத்தில் இறங்கியது. அந்தப் பத்தில் எட்டு ரூபாய் கம்பெனிக்கு. ஆனால் நாடு முழுக்க லைசென்ஸ் எடுத்தவர்கள் எட்டாயிரம் பேரைத் தாண்டவில்லை. திருட்டுத்தனமாகக் கேட்டவர்களுக்குக் கணக்கே இல்லை. 1930 மார்ச்சில் கம்பெனி திவால்! ஒலிபரப்பை வெள்ளைக்கார அரசு கையில் எடுத்தது. மூன்று ஆண்டில் ஒரு சட்டத்தையும் தீட்டியது. அது என்ன சட்டம்?

*

1933-ம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம். 1934 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. அதன் மூன்றாவது பிரிவு சொன்னது ஒன்றுதான்: லைசென்ஸ் இல்லாமல் கம்பியில்லாக் கருவியை எவரும் வைத்திருக்கக் கூடாது.

‘கேட்கக் கூடாது’ என்று சட்டம் சொல்லவில்லை. ‘வைத்திருக்கக் கூடாது’ என்றது. சூட்சுமம் அங்கேதான். எந்த நிலையத்தைக் கேட்டாய், எத்தனை மணி நேரம் கேட்டாய் என்ற கேள்விக்கே இடமில்லை. பெட்டி உன் வீட்டில் இருந்தால், அது உன் வசம் இருப்பதாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம். முதல் முறை பிடிபட்டால் நூறு ரூபாய் வரை அபராதம். மறுமுறை இருநூற்றைம்பது வரை. அந்தக் காலத்து நூறு ரூபாய்!

வெள்ளைக்காரன் போனான். சட்டம் போகவில்லை. சுதந்திர இந்தியா அதை அப்படியே இடுப்பில் செருகிக்கொண்டது.

திருச்சி வானொலி நிலையம் 1939 மே 16 அன்று திறக்கப்பட்டது. இன்றைய அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்கள் அன்று திருச்சி மாவட்டத்துக்குள் அடக்கம். செந்துறைப் பக்கத்துக் கிராமமான ஆலத்தியூருக்கும் காற்றில் வந்தது திருச்சிக் குரல்தான். பஞ்சாயத்து ரேடியோவைச் சுற்றி ஊரே உட்கார்ந்து கேட்ட காலம் அது. பிறகு டிரான்சிஸ்டர் வந்தது. வரப்பு மேட்டிலும் ரேடியோ பாடியது.

கூடவே லைசென்ஸும் வந்தது. ஆண்டுக்குப் பதினைந்து ரூபாய். தபால் ஆபீஸில் ஒரு சின்னப் புத்தகம் கொடுப்பார்கள். வருடா வருடம் அதை எடுத்துக்கொண்டு போய்ப் பணம் கட்ட வேண்டும். கட்டத்துக்குள் லைசென்ஸ் ஸ்டாம்பை ஒட்டி, அதன் மேல் பாதி, தாளின் மேல் பாதி விழுகிற மாதிரி தேதி முத்திரையை ஓங்கிக் குத்துவார் குமாஸ்தா. அந்த மை வட்டம் இருந்தால் நீங்கள் யோக்கியர். இல்லாவிட்டால், தபால் துறையின் லைசென்ஸ் இன்ஸ்பெக்டர் எந்த நாளிலும் வாசலில் வந்து நிற்கலாம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகவும் அவருக்கு அதிகாரம் உண்டு.

பதினைந்து ரூபாய்க்குப் பலன் இருந்ததா?

இருந்தது. அறுபதுகளில் ஏடிடி 27 என்ற புது நெல் ரகத்தைப் பற்றித் திருச்சி வானொலி விடாமல் பேசியது. நாற்றங்கால், உரம், பூச்சி என்று ஒவ்வொன்றையும் எடுத்துச் சொன்னது. தஞ்சை உழவர்கள் கேட்டார்கள், போட்டார்கள், அறுத்தார்கள். ரகத்தின் பெயர் யாருக்கும் வாயில் நுழையவில்லை. ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்! கட்டிய காசு நெல்லாகத் திரும்பி வந்த கதை இது.

ஆனால் இதே கதைக்கு மறுபக்கமும் உண்டு. 1952-ல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டு என்றால் ஆகாது. ஆல் இந்தியா ரேடியோவில் அதற்குக் கதவடைப்பு. ரசிகன் என்ன செய்வான்? முள்ளைத் திருப்பினான். இலங்கை வானொலி பாடியது! தமிழ்நாட்டின் டீக்கடைகளில் கொழும்பு ஒலித்தது. லைசென்ஸ் பணம் டெல்லிக்கு, காது கொழும்புக்கு. “நான்தான் உங்கள் நிலையத்தைக் கேட்பதே இல்லையே, நான் ஏன் கட்ட வேண்டும்?” என்று எவராவது கேட்டிருந்தால், 1933-ம் ஆண்டுச் சட்டம் சிரித்திருக்கும்.

அதே கேள்வி இன்னும் பெரிய உருவத்தில் வந்தது. இந்த முறை படத்தோடு!

*

1975 ஆகஸ்ட் 15. சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியது. தேதியைக் கவனியுங்கள். நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பத்திரிகைகளுக்குத் தணிக்கை இருந்த நாட்களில் தமிழ்நாட்டுக்கு டிவி வந்தது. அது அரசின் டிவி, அரசின் செய்தி.

டிவி லைசென்ஸ் ஆண்டுக்கு ஐம்பது ரூபாய்.

சாலிடேர், டயனோரா என்று சென்னையில் தயாரான கறுப்பு வெள்ளைப் பெட்டிகள் வீடுகளுக்குள் நுழைந்தன. மரக் கூடு, இழுத்துப் பூட்டும் ஷட்டர், கால் முளைத்த மேஜை. வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ நேரத்துக்கு டிவி உள்ள வீட்டுக் கூடத்தில் தெருவே உட்காரும். லைசென்ஸ் கட்டியது ஒரு வீடு, பார்த்தது நாற்பது பேர். அந்த வகையில் ஐம்பது ரூபாய் மலிவுதான்.

ஆனால் இதெல்லாம் சென்னையிலும் அதன் சுற்றுப்புறத்திலும்தான். ஆலத்தியூர் சென்னையிலிருந்து சுமார் 250 கிலோமீட்டர். மூங்கிலை எவ்வளவு உயரம் கட்டி ஆன்டெனாவைத் தூக்கினாலும் சென்னைக் கோபுரத்தின் படம் அவ்வளவு தூரம் ஒழுங்காக வந்து சேராது. 1982-ல் டெல்லி ஆசியப் போட்டியோடு கலர் வந்தது. 1984-ல் ஊர் ஊராகச் சிறிய கோபுரங்களைத் தடபுடலாக நட்டார்கள். ஆனால் அந்தச் சிறிய கோபுரத்தின் வீச்சு ஏறக்குறைய 25 கிலோமீட்டர். நகரத்துக்குப் படம் தெரியும். நகரத்திலிருந்து தள்ளியிருந்த ஊருக்குப் புள்ளிமழைதான்.

இதற்கிடையில் தெற்கே ஒரு கூத்து நடந்தது. 1982 பிப்ரவரியில் இலங்கையின் ரூபவாஹினி தொடங்கியது. பிதுருதலாகல மலை உச்சியிலிருந்து வந்த அலை கடலைத் தாண்டித் தமிழ்நாட்டுத் தென்கரையில் இறங்கியது. அங்கே சென்னை தெரியாது, கொழும்பு தெரிந்தது! ரேடியோவில் நடந்தது டிவியிலும் நடந்தது. இந்திய அரசுக்கு ஐம்பது ரூபாய் கட்டிவிட்டு, இலங்கை அரசின் படத்தைப் பார்த்தார்கள்.

இந்தக் கட்டணம் அவசியமா? சட்டப்படி அவசியம். நியாயமா?

இங்கேதான் பிரிட்டனோடு ஒப்பிட வேண்டும். நமக்கு லைசென்ஸைக் கற்றுக்கொடுத்த ஊர் அது. அங்கே 1946-ல் இரண்டு பவுண்டில் தொடங்கிய டிவி லைசென்ஸ், 2024 ஏப்ரலில் 169.50 பவுண்டு ஆனது. பிபிசியைப் பார்க்காவிட்டாலும், எந்தச் சேனலை நேரலையில் பார்த்தாலும் கட்டியாக வேண்டும். ‘கட்ட மாட்டேன்’ என்பவர்கள் அங்கேயும் ஏராளம். ஆனால் அந்தப் பணம் பிபிசிக்குப் போகிறது. பிபிசியில் விளம்பரம் கிடையாது. “என் காசில் நடக்கிறாய், பதில் சொல்” என்று கட்டுகிறவன் கேட்க முடியும்.

இங்கே? வானொலியும் டிவியும் அரசுத் துறைகள். தபால் ஆபீஸில் கட்டிய ஐம்பது ரூபாய் அரசுக் கணக்கில் கலந்துவிட்டது. 1976 முதல் தூர்தர்ஷனில் விளம்பரமும் ஓடியது. லைசென்ஸும் கட்டினோம், சோப்பு விளம்பரமும் பார்த்தோம், அமைச்சர் ரிப்பன் வெட்டுவதையும் பார்த்தோம்! நெருக்கடிநிலை முடிந்த பிறகு வர்கீஸ் குழு 1978-ல், வானொலி, டிவி இரண்டையும் அரசின் பிடியிலிருந்து விடுவித்துத் தன்னாட்சி அமைப்பிடம் கொடுங்கள் என்றது. அறிக்கை அலமாரிக்குப் போனது. அந்தத் தன்னாட்சி அமைப்புக்கான பிரசார் பாரதி சட்டம் நிறைவேற 1990 ஆனது. அது நடைமுறைக்கு வர 1997 ஆனது.

ஆனால் அதற்கு வெகு முன்பே லைசென்ஸ் செத்துவிட்டது. 1984–85 வாக்கில் ரேடியோ லைசென்ஸும் டிவி லைசென்ஸும் ஒழிக்கப்பட்டன. கோடிக்கணக்கான வீடுகளில் தேடித் தேடி வசூலிப்பது தபால் துறைக்குச் சுமை. ஏய்ப்பவர்களோ எண்ணிலடங்காதவர்கள். 1984 ஜூலையில் ‘ஹம் லோக்’ தொடர் தொடங்கியபோது, விளம்பரக் கம்பெனிகள் தாமாகவே பணப்பையோடு வந்தன. ஐம்பது ரூபாய்க்காக யார் வாசல் வாசலாக அலைவார்கள்?

ஊரெல்லாம் நிம்மதிப் பெருமூச்சு. புத்தகங்கள் பழைய பேப்பர்க்காரரிடம் போயின.

என் தீர்ப்பைக் கேட்டால், ஐம்பது ரூபாய் அதிகமில்லை. மாதக் கணக்கில் நாலு ரூபாய்ச் சொச்சம். ரேடியோ நெல் தந்த மாதிரி ஒரு நிலையத்துக்கு அதைக் கட்டலாம், கட்டியிருக்கவும் வேண்டும். தப்பு தொகையில் இல்லை. படமே எட்டாத ஊரிடமும் பணம் கேட்டது முதல் தப்பு. கட்டியவனுக்குக் கேள்வி கேட்கும் உரிமையைக் கொடுக்காதது இரண்டாவது தப்பு. ஒழித்தபோதும் அந்த உரிமையைப் பற்றி யாரும் பேசவில்லை. கட்டணம் போனதே போதும் என்று இருந்துவிட்டோம்.

ஆனால், கட்டணம் உண்மையிலேயே போய்விட்டதா?

2006 செப்டம்பர் 15. அண்ணா பிறந்தநாள். தமிழக அரசு ஏழை வீடுகளுக்கு இலவச கலர் டிவி வழங்கத் தொடங்கியது. ஆலத்தியூர் மாதிரி ஊர்களுக்கும் பெட்டி வந்தது. லைசென்ஸ் இல்லை, இன்ஸ்பெக்டர் இல்லை, காசும் இல்லை. பெட்டியைத் திறந்து பிளக்கைச் செருகிய பிறகுதான் தெரிந்தது, படம் வர இன்னொரு கம்பி வேண்டும் என்று. அந்தக் கம்பிக்கு மாதா மாதம் வாடகை!

பழைய லைசென்ஸில் ஓர் ஆண்டுக்குக் கட்டியதை ஒரே மாதத்தில் கேட்ட அந்தக் கம்பியின் மறுமுனை யார் கையில் இருந்தது? 2011-ல் அரசே எழுபது ரூபாய்க்குக் கேபிள் கொடுக்க இறங்கியது ஏன்?

அடுத்த வாரம் பார்ப்போம். அதற்குள் உங்கள் வீட்டு கேபிள் ரசீதை எடுத்து, மாதத் தொகையைப் பன்னிரண்டால் பெருக்கி வையுங்கள். அந்த எண் நமக்குத் தேவைப்படும்.

(தொடரும்)