பாராசூட்டை மறந்த கேமராக்காரர்



குற்றாலத்துல சாரல் ஆரம்பிச்சாச்சு. தென்காசியில பஸ் இறங்குறவங்க தோள்ல ஒரு துண்டு, கையில ஒரு போன். அதைப் பார்த்ததும் எழுதணும்னு தோணின த்ரெட் இது. வானத்துல இருந்து குதிச்சுக்கிட்டே போட்டோ எடுத்தவங்களோட வரலாறு. கடைசில அருவிக்கே திரும்பி வந்துடுவேன். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

ஒரு சீசன்ல, மணிக்கட்டு உடைஞ்சு ஒரு தம்பியைக் கூட்டிட்டு வந்தாங்க. அருவி முழுசா போட்டோவுல விழணும்னு பின்னாடியே நடந்து போயிருக்கான். பாசி பிடிச்ச பாறை. வழுக்கிட்டான். மாவுக்கட்டு போடும்போது அவன் கேட்ட முதல் கேள்வி: "சார், என் போன் எங்க?"

சிரிப்பா இருக்கும். ஆனா அந்தக் கேள்விக்குப் பின்னாடி மூளையோட ஒரு பெரிய பலவீனம் இருக்கு. அதைப் புரிஞ்சுக்கத்தான் இந்த வரலாறு.

பாராசூட் நம்ம நாட்டுக்குப் புதுசு இல்ல. 1890-லயே கல்கத்தாவுல ராம்சந்திர சாட்டர்ஜி பலூன்ல ஏறி பாராசூட்ல இறங்கிட்டார். ஆனா குதிக்கிறவரை பக்கத்துலயே விழுந்துக்கிட்டு படம் எடுக்குறது எல்லாம் ரொம்பப் பின்னாடி வந்த விஷயம்.

1960 ஆகஸ்ட் 16. அமெரிக்க விமானப்படையின் ஜோசப் கிட்டிங்கர் பலூன்ல 1,02,800 அடி உயரம் போய் அங்கிருந்து குதித்தார். மேலே போகும்போதே வலது கை உறையில் அழுத்தம் போய், கை பயங்கரமா வீங்கிப்போச்சு. அப்படியும் குதித்தார், பிழைத்தார். மேகங்களுக்கு ரொம்ப மேலே, அவர் முதுகு தெரிய பூமியை நோக்கி விழுற அந்தப் படம் உலகப் புகழ் பெற்றது.

அந்தப் படத்தை எடுத்தது யார்? பலூன் கூண்டில் பொருத்தியிருந்த தானியங்கி கேமரா. இதைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோங்க. கிட்டிங்கருக்கு அன்னைக்கு ஒரே வேலைதான். உயிரோட கீழே வரணும். படம் எடுக்கிற வேலை கேமராவோடது.

அதே அறுபதுகள்ல கேமரா மனுஷன் தலைக்கு வந்தது. கலிஃபோர்னியாவின் பாப் புக்கோர் ஹெல்மெட்டில் கேமராவை மாட்டி, வானத்துல கைகோர்த்து விழுறவங்களைப் படம் பிடித்த முன்னோடி. 1966-ல ஒரு சினிமாவுக்காகக் குதித்தபோது மாலிபு கடல்ல விழுந்து மூழ்கி இறந்துபோனார். அவருக்குப் பிறகு கார்ல் போனிஷ். 1969-ல வந்த 'தி ஜிப்ஸி மாத்ஸ்' படத்தின் வான் காட்சிகளில் அவர் உழைப்பு உண்டு.

எப்படி எடுப்பாங்க தெரியுமா? வயிறு கீழே பார்க்க விழும்போது வேகம் மணிக்குச் சுமார் 190 கிலோமீட்டர். அந்தக் காத்துல கையால உடம்பை பேலன்ஸ் பண்ணணும். அதனால கேமரா தலையில. குறி பார்க்க ஒரு கண்ணுக்கு முன்னாடி சின்ன வளையம். ஷட்டரை அழுத்த வாய்க்குள்ள ஒரு சுவிட்ச், பல்லால கடிச்சா கிளிக்! ஆக கை, கண், வாய், கழுத்து எல்லாமே படத்துக்கு வேலை செய்யுது. உயிருக்கு வேலை செய்ய மிச்சம் என்ன இருக்கு?

இப்ப முக்கியமான ஆளுக்கு வரேன்.

1988 ஏப்ரல் 2. வட கரோலினா. ஐவன் மெக்குவைர், வயது 35. 800 தடவைக்கு மேல குதித்த அனுபவசாலி. அன்னைக்கு அவர் வேலை, ஒரு பயிற்சியாளரும் மாணவரும் குதிப்பதை வீடியோ எடுப்பது. அந்தக் காலத்து வீடியோ கருவி ரொம்பக் கனம். கேமரா ஹெல்மெட்ல, ரெக்கார்டர் தனியா உடம்புல.

10,500 அடியில் குதித்தார். எல்லாத்தையும் மாட்டியிருந்தார், பாராசூட்டைத் தவிர.

விமானத்துல இருந்த ஒருத்தரும் கவனிக்கலை. அவர் பிழைக்கலை. அவர் எடுத்துக்கிட்டிருந்த வீடியோ மட்டும் மிஞ்சியது. உடம்புல இருந்த வீடியோ கருவியின் பாரத்தையே பாராசூட் பாரம்னு நினைச்சிருக்கலாம் என்பது விசாரணையில் பேசப்பட்ட ஒரு காரணம்.

"இவ்வளவு அனுபவசாலி எப்படி மறப்பார்?"னு கேட்பீங்க. அனுபவம்தான் காரணம்னு நான் சொல்வேன். 800 தடவை சரியா நடந்த வேலையை மூளை சோதிச்சுப் பார்க்காது. புது வேலை எதுவோ அங்கே கவனத்தைக் குவிச்சிடும். அவருக்கு அன்னைக்குப் புது வேலை, படம்.

எங்க டாக்டர்கள் மட்டும் என்ன விதிவிலக்கா? 2013-ல வெளிவந்த ஒரு ஆய்வு. 24 கதிரியக்க நிபுணர்கள்கிட்ட நுரையீரல் சி.டி. ஸ்கேனைக் கொடுத்து கட்டி தேடச் சொன்னாங்க. படத்துக்குள்ள ஒரு கொரில்லா உருவத்தையும் ஒளிச்சு வெச்சிருந்தாங்க. 24 பேர்ல 20 பேர் அதைப் பார்க்கவே இல்லை! அதுல பெரும்பாலானவங்க கண்ணு கொரில்லா மேலயே பதிஞ்சிருக்கு. கண் பார்த்தது, மூளை பார்க்கலை.

இதுக்கு மருந்து "கவனமா இரு"ங்கிற அறிவுரை இல்லை. இன்னொருத்தர் கண்ணும் ஒரு பட்டியலும்தான். உலக சுகாதார நிறுவனம் 2008-ல அறுவை சிகிச்சைக்கு 19 அம்சப் பட்டியல் கொண்டு வந்தது. 8 நகரங்களின் மருத்துவமனைகளில் அதைச் சோதித்தபோது உயிரிழப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது. ஸ்கை டைவிங்லயும் அப்படித்தான். குதிக்கும் முன் ஒருத்தர் கருவியை இன்னொருத்தர் சோதிக்கணும். கேமராவோட குதிக்கணும்னா குறைஞ்சது 200 குதிப்பு முடிச்சிருக்கணும்னு அமெரிக்க பாராசூட் சங்கம் பரிந்துரைக்குது.

சரி, அருவிக்கு வருவோம்.

2011 அக்டோபர் முதல் 2017 நவம்பர் வரை உலகம் முழுக்க செல்ஃபி எடுக்கும்போது நடந்த மரணங்களை, செய்திகளை வெச்சு இந்திய மருத்துவர்கள் தொகுத்தாங்க. 259 பேர். அதிகம் இந்தியாவில். முதல் காரணம் நீரில் மூழ்குவது. சராசரி வயது 23கூட இல்லை. காலேஜ் பிள்ளைங்க சார்.

நம்ம தண்ணியோட குணத்தையும் சொல்லணும். மலைக்கு மேல மழை பெய்யுறது கீழே நிக்கிற நமக்குத் தெரியாது. பேரருவியில தண்ணி ஆர்ச்சைத் தாண்டி விழுந்தா குளிக்கத் தடை போடுறது அதனாலதான். 2024 மே 17 அன்னைக்கு பழைய குற்றாலத்துல திடீர் வெள்ளம் வந்து 17 வயசுப் பையனை இழுத்துட்டுப் போச்சு. அவன் போட்டோ எடுத்தான்னு நான் சொல்ல வரலை. சும்மா நின்னவங்களுக்கே தப்பிக்க அவ்வளவுதான் நேரம் கிடைச்சது. திரையைப் பார்த்துக்கிட்டு நிக்கிறவங்களுக்கு?

போட்டோ எடுக்காதீங்கன்னு சொல்லலை. நானும் எடுப்பேன். மூணே விஷயம்.

முதல்ல கால், அப்புறம் கேமரா. நின்ன இடத்துல நின்னு எடுங்க, பின்னாடி நகராதீங்க.

கூட வந்தவங்கள்ல ஒருத்தர் படத்துக்குள்ள வராம தண்ணியை மட்டும் பார்க்கட்டும். தண்ணி கலங்கினாலோ, சத்தம் கூடினாலோ எல்லாரையும் கூப்பிட்டுட்டு வெளியே வந்துடட்டும்.

போலீஸ் விசில் அடிச்சா "ஒரே ஒரு போட்டோ சார்"னு கெஞ்சாதீங்க.

கிட்டிங்கரை ஞாபகம் வெச்சுக்கோங்க. அவர் படத்தை வேற ஒண்ணு எடுத்தது. அவர் வேலை உயிரோட இறங்குறது.

நல்லா குளிங்க, பத்திரமா ஊர் போய்ச் சேருங்க.