மதகிலிருந்து மோட்டாருக்கு: செஞ்சி வட்டாரப் பாசனத்தில் பின்னூட்டத்தின் வரலாறு

1948-இல் வெளிவந்த ‘சைபர்னெட்டிக்ஸ்’ நூலில் நார்பர்ட் வீனர் பீரங்கியின் குறியையும் விலங்கின் நரம்பையும் ஒரே கணக்குக்குள் கொண்டுவந்தார். ஒரு செயலின் விளைவு, செய்தவரிடமே செய்தியாகத் திரும்பி அடுத்த செயலைத் திருத்த வேண்டும். இந்தப் பின்னூட்டம் அறுந்தால் கட்டுப்பாடு இல்லை. இரண்டாண்டு கழித்து இதையே மனித சமூகத்துக்கு விரித்து எழுதினார். 1955-56இல் கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் வருகைப் பேராசிரியராகவும் இருந்தார். நம்மிடையே இச்சிந்தனை கணிப்பொறியோடு சேர்த்தே பேசப்படுகிறது. செஞ்சி வட்டாரத்து ஏரிகளோடு வைத்துப் பார்த்தால் வேறொரு வரலாறு துலங்கும்.

செஞ்சியின் நீர் என்றதும் கோட்டையின் ராஜகிரிக் குன்றடிச் சக்கரக்குளம், செட்டிகுளம், கல்யாண மகாலுக்குப் போன மண்குழாய் ஆகியவற்றைத்தான் ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள். அவை சேமிப்பின் சாதனைகள். கட்டுப்பாட்டின் நுட்பத்தைக் கோட்டை மதிலுக்கு வெளியே தேட வேண்டும்.

வடகிழக்குப் பருவமழையில் மேல் ஏரி நிரம்பினால் மிகுநீர் கலங்கல் வழியே கீழ் ஏரிக்கு இறங்கும். இதற்கு ஆள் வேண்டியதில்லை. கலங்கலின் உயரத்தில்தான் இரண்டு ஊர்களின் நலன் அடங்கியிருந்தது. அதை உயர்த்தினால் மேல் ஊருக்குத் தண்ணீர் கூடும், ஆனால் அதன் நீர்ப்பிடிப்போரத்து வயலே மூழ்கும். பேராசைக்கான தண்டனை பேராசைப்பட்டவரின் நிலத்திலேயே விழுந்தது. மதகுக்கோ ஆள் தேவைப்பட்டது. நீர்கட்டி எனப்பட்ட அந்த ஆள் வரப்பில் நடந்து, கடைமடையில் பயிர் வாடுவதைப் பார்த்துத் திறப்பைக் கூட்டுவார், குறைப்பார். கூலி அறுவடையில் நெல்லாக வந்ததால் வயல் காய்ந்தால் அவர் களமும் காய்ந்தது.

நீர்கட்டிக்கு மேலே இருந்தவர்களையும் விளைவு எட்டியாக வேண்டும் அல்லவா? செஞ்சிக்கு வெளியே, சோழன் முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) ஏரி வாரியத்தாரைக் குடவோலையில் ஓராண்டுக்குத் தேர்ந்தெடுக்கச் சொல்கின்றன. கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய உறவினரும் மறுபடி வாரியத்துக்கு வரமுடியாது. தேர்தல் முறையைப் புகழ்பவர்கள் இந்த விலக்கைக் கடந்துபோய்விடுகிறார்கள். எனக்கு இதுவே அதன் உயிர்நாடியாகப் படுகிறது.

ஆங்கிலேயர் ஆட்சியில் முடிவெடுக்கும் இடம் ஏரிக்கரையை விட்டு அலுவலகத்துக்குப் போனது. ஊரார் தாமாகச் செய்துவந்த ஏரிப் பராமரிப்பான குடிமராமத்தை 1858-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாய உழைப்பாக்கியது. கட்டுப்படுத்தப்படுவதில் எத்தனை வேறுபாடு உண்டோ, கட்டுப்படுத்துபவரிடமும் அத்தனை வேறுபட்ட மறுமொழிகள் வேண்டும் என்று 1956-இல் ராஸ் ஆஷ்பி விதி வகுத்தார். ஏரிக்கு ஏரி மாறும் வழக்கங்களை ஒரே சட்டத்தால் ஆள முயன்றது அந்த விதிக்கு நேர் எதிர்.

பின்னூட்டம் பெரிதும் அறுந்தது அதற்கும் பிறகுதான். மாடு பூட்டிக் கவலையில் நீர் இறைத்த காலத்தில் கிணறு ஒரு முழம் இறங்கினால் மாட்டின் மூச்சிலும் வடத்தின் நீளத்திலும் அது தெரிந்தது. டீசல் எஞ்சினிலும் எண்ணெய்ச் செலவு கையைக் கடித்தது. 1990-இல் தமிழ்நாட்டின் எல்லா உழவர்களுக்கும் மின்சாரம் இலவசமானபின் அந்தச் செய்தி எந்த வழியாகவும் வரவில்லை. மீட்டர் இல்லாததால் எவ்வளவு இறைத்தோம் என்பதை உழவரும் அறியார், மின்வாரியமும் மதிப்பிட்டே சொல்கிறது. செஞ்சிப் பகுதியோ கடும்பாறை நிலம். நீர் மேலடுக்கிலும் பாறை வெடிப்புகளிலும்தான் தங்கும். அது வற்றும்போது முதல் அறிவிப்பே ஆழ்துளைக் கிணறு காற்று தள்ளுவதுதான். உழவருக்கு இச்சலுகை தேவையில்லை என்று நான் வாதிடவில்லை. விலை சுமந்துவந்த தகவலுக்கு மாற்று வழி வைக்கப்படவில்லை என்பதே என் குறை.

இதன் பின்விளைவு ஏரியிலும் தெரிகிறது. சொந்தக் கிணறு உள்ளவருக்கு மதகு திறப்பதைவிட அடைத்திருப்பதே லாபம்; ஏரியில் நீர் நின்றால் கிணறு ஊறும். தமிழ்நாட்டின் சில ஏரிகளில் மதகை நிரந்தரமாகவே அடைத்து ஊறுகுட்டைகளாக்கிவிட்டார்கள். கிணறு இல்லாதவர் தண்ணீருக்குப் பக்கத்து மோட்டார்க்காரரிடம் பணம் கட்டுகிறார். 2016-17இல் குடிமராமத்து அரசுத் திட்டமாக மீண்டபோது தூர் வாரவும் கரையைப் பலப்படுத்தவும் பணம் வந்தது. மதகை எப்போது திறப்பது, யார் சொல்லித் திறப்பது என்ற கேள்வி அந்த மதிப்பீட்டுப் பட்டியல்களில் ஏறவில்லை.