ஜெயிலுக்குள்ள ஒரு ராக்கி

வழக்குப் போடுறதைவிட அநியாயத்தைத் தாங்கிக்கலாமேன்னு கொரிந்து சபைக்கு எழுதினார் பவுல். சொத்துத் தகராறுக்கு சரி. கொலைக்கு?

1995 பிப்ரவரி 25. மத்தியப் பிரதேசத்துல இந்தூர் போற பஸ். கேரளாவைச் சேர்ந்த கன்னியாஸ்திரி ராணி மரியாவை, பயணிகள் கண் முன்னாடியே சமந்தர் சிங் குத்திக் கொன்னார். ஆதிவாசிகள் கந்துவட்டிக்காரங்ககிட்ட சிக்காம இருக்க அவங்க உழைச்சதுதான் பகைக்குக் காரணம். கோர்ட் ஆயுள் தண்டனை கொடுத்தது.

2002 ரக்ஷா பந்தன் அன்னைக்கு, ராணி மரியாவோட தங்கச்சி சிஸ்டர் செல்மி பால் ஜெயிலுக்கே போய் சமந்தருக்கு ராக்கி கட்டினாங்க. அவரை விடுவிக்கணும்னு குடும்பமும் கேட்டுக்கிட்டது. 2006-ல அவர் வெளியே வந்தார். அப்புறம் கேரளா போய், ராணி மரியாவோட அம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டார்.

கவனிங்க, இங்க வழக்கும் நடந்தது, தீர்ப்பும் வந்தது. குத்தத்தை யாரும் மறைக்கல. தீர்ப்புக்கு அப்புறமும் மிச்சம் இருந்த பகையைத்தான் மன்னிப்பு முடிச்சு வச்சது.