ராப் பாடலில் செல்வமும் அச்சமும்

1973இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் முளைவிட்ட ஹிப் ஹாப் பண்பாட்டின் குரலே ராப். 1982இல் வெளிவந்த ‘தி மெசேஜ்’ வறுமையின் நெருக்கடியைப் பாடியது. 1994இல் புரூக்ளின் கவிஞர் நட்டோரியஸ் பி.ஐ.ஜி. தம் முதல் தொகுப்பில் பழைய வறுமையையும் புதிய செல்வத்தையும் அருகருகே வைத்தார்; ஆயினும், சாவுக்கு அணியமானவன் எனப் பொருள்படும் ‘ரெடி டு டை’ என்றே அதற்குப் பெயரிட்டார்.

1997 மார்ச் 9ஆம் நாள் லாஸ் ஏஞ்சலிஸில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார், அகவை 24. பதினாறு நாள்களில் வெளிவந்த அடுத்த தொகுப்பில், பணத்தோடு தொல்லையும் பெருகுவதைச் சொல்லும் பாடல் இருந்தது.

எனவே, இப்பாடல்களின் ஆடம்பரத்தை வெறும் செருக்கென நாம் ஒதுக்கிவிடலாகாது. இல்லாமையை அறிந்தவன் தன் பொருளை எண்ணிக் காட்டுகிறான். அது பறிபோகும் என்னும் அச்சமும் அவ்வெண்ணிக்கையில் ஒலிக்கிறது. அவ்வச்சத்தைச் சுட்டாது விடின், மாணவர்க்கு நாம் பாதி வரலாற்றையே கற்பித்தவராவோம்.