ஏடும் மின்னேடும்: நூலுடைமை பற்றியதொரு நோக்கு

நூலொன்றை உடைமையாகக் கொள்ளுதல் என்பதன் பொருள் எக்காலத்தும் ஒன்றாக இருந்ததில்லை. மட்டக்களப்பு வாவியை அடுத்த ஊர்களிலே கண்ணகி வழக்குரை நெடுங்காலம் ஏட்டிலேயே வழங்கி வந்தது. வைகாசிச் சடங்கில் அது பாடப்படும். மற்றைய நாட்களில் ஏடு அதனைப் பேணுவோரிடம் இருக்கும். பேணுவோர் அதனைப் படியெடுக்க இசையலாம், மறுக்கலாம். பூட்டி வைத்த ஏட்டைச் செல்லரித்தலும் உண்டாதலின் இம்முறையை அளவிறந்து போற்றுதல் தகாது. எனினும், எழுதிக் கொடுத்தவர் ஏட்டைத் தொலைவிலிருந்து மீட்டுக்கொள்ளவோ, படித்தவர் எவ்விடத்தில் நிறுத்தினார் என அறியவோ வழியிருக்கவில்லை.

அச்சு இந்நிலையை மாற்றவில்லை. எப். எக்ஸ். சி. நடராசா 1962இல் மட்டக்களப்பு மான்மியத்தைப் பதிப்பித்தார். வி. சீ. கந்தையாவின் மட்டக்களப்புத் தமிழகம் 1964இல் வெளிவந்தது. கண்ணகி வழக்குரையையும் அவர் 1968இல் பதிப்பித்தார். இந்நூல்களை வாங்கியோர் இரவல் கொடுக்கலாம், விற்கலாம், பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லலாம். பதிப்புரிமை ஒருவருக்கு உரியது, பிரதி வாங்கியவருக்கு உரியது என்னும் வேறுபாடு தெளிவாக இருந்தது.

இவ்வேறுபாட்டினை மின்னூல் குலைத்தது. அமேசன் நிறுவனம் கிண்டில் என்னும் வாசிப்புக் கருவியை 2007இல் வெளியிட்டது. 2009 யூலையில், ஜோர்ஜ் ஓர்வெலின் இரு நூல்களை அதன்வழி விற்றவருக்கு அமெரிக்காவில் அவற்றை வெளியிடும் உரிமை இல்லையெனக் கண்டு, வாங்கியோரின் கருவிகளிலிருந்தே அவற்றை அந்நிறுவனம் அழித்தது. பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. ஆயினும், பாடத்துக்கென எழுதிய குறிப்புகள் பயனற்றுப்போன மாணவர் ஒருவர் வழக்குத் தொடுத்தார். அழிக்கப்பட்டவற்றுள் ஒன்று, பழைய பதிவுகளை அரசே அழித்தெழுதும் கதையைக் கூறும் '1984' என்பது விந்தையே. நிறுவனத் தலைவர் மன்னிப்புக் கோரினார். ஆனால், நூல் விற்கப்படுவதில்லை, படிக்கும் உரிமமே வழங்கப்படுகிறது என்னும் ஒப்பந்த விதி நீங்கவில்லை. மைக்ரோசொப்ட் 2019இல் தன் மின்னூற்கடையை மூடியபோதும் வாங்கியோர் பணத்தைப் பெற்றனர், நூல்களை இழந்தனர்.

கிண்டிலில் 2016 முதல் தமிழ் நூல்களும் கிடைக்கின்றமையால் இது பிறர் சிக்கல் அன்று. கருவி இணையத்தோடு சேர்ந்ததும், இறுதியாகப் படித்த பக்கமும் அடையாளமிட்ட வரியும் நிறுவனத்தின் கணினியிற் பதிவாகின்றன. விட்ட இடத்திலிருந்து வேறொரு கருவியிற் படிப்பதற்கு இது உதவும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், போர்க்காலத்தில் சோதனைக்கு அஞ்சி நூல்களை மண்ணிற் புதைத்தோரும் எரித்தோரும் நம்மிடையே உளர். ஒருவர் எதனைப் படித்தார் என்பது எத்துணை ஆபத்தான செய்தியாகலாம் என்பதை அவர்கள் அறிவர். அவர்கள் மறைக்க வேண்டியிருந்தது கையிலிருந்த பிரதியை மட்டுமே. தொலைநாட்டுக் கணினியிலுள்ள பதிவை வாசகரால் அவ்வாறு மறைக்க இயலாது.

கலிபோர்னியா மாநிலம் வாசகரின் அந்தரங்கத்தைக் காக்க 2011இல் தனிச்சட்டம் இயற்றியது. இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், அரசியற் கருத்து, சமய நம்பிக்கை ஆகியன பற்றிய தரவுகளைச் சிறப்பு வகையாகக் கொள்கிறது. வாசிப்புப் பதிவு அவ்விரண்டையும் வெளிப்படுத்த வல்லது என்பதால், அதனையும் அவ்வகையில் அடக்குதலே முறையெனக் கருதுகிறேன்.

மின்வடிவம் யாவும் இத்தன்மையன அல்ல. 2005இல் தொடங்கப்பெற்ற நூலகம் என்னும் எண்ணிம நூலகத்திலே, பெயர் பதியாமலே எவரும் படிக்கலாம். கோப்பினைத் தம் கணினியிற் சேமிக்கலாம். கந்தையாவின் மட்டக்களப்புத் தமிழகம் அங்கே உண்டு. அவ்வாறு சேமித்த பிரதியை எவரும் தொலைவிலிருந்து அழிப்பதில்லை.